ஒர்க்‌ஷாப் பதில்கள்: ஒழுகும் பெட்ரோல் டியூப்

மழை ஓய்ந்து பனி இறங்கியதும் பெட்ரோல் நாற்றம் பற்றிய கடிதங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் இதே கதைதான். எனவே இந்த இதழில் எரிபொருள் கசிவு தவிர வேறு பேச்சில்லை. கிளட்ச், பேட்டரி பற்றிக் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவை காத்திருக்கும், இது காத்திருக்காது.

கேள்வி: என்னிடம் 2009-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் இருக்கிறது. காலையில் கிளப்பியதும் பானெட் பக்கமிருந்து பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது. கொஞ்ச நேரம் ஓட்டினால் நின்றுவிடுகிறது. தீபாவளிக்கு முன்புதான் இன்ஜின் பக்கத்து டியூபை மாற்றினேன். 'நல்ல குவாலிட்டி' என்று சொல்லித்தான் மெக்கானிக் போட்டார். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. அப்படியே விட்டுவிடலாமா? — காரைக்குடி வாசகர்

விடக் கூடாது ஐயா. தரையில் சொட்டு இல்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். மெல்லக் கசியும் பெட்ரோல் தரையைத் தொடுவதற்குள் காற்றோடு போய்விடும். டீசல்போல ஈரமாக நின்று காட்டிக்கொடுக்காது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடக்கூடிய திரவம் அது; நம் மார்கழி அதற்கு எம்மாத்திரம்? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலையாமல் போர்டிகோ தரையோடு படரும், பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சூடம் காட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இது சரியாகும்வரை சூடத்தையும் ஊதுபத்தியையும் பூஜை அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

காலையில் மட்டும் நாறுகிறது, சூடானதும் நிற்கிறது என்கிறீர்கள். டியூபின் நடுவில் ஓட்டை இருந்தால் எப்போதும் நாறும். இது பெரும்பாலும் டியூப் மாட்டியிருக்கும் மூட்டில் வரும் கசிவு. இரவுக் குளிரில் ரப்பர் சுருங்கி இறுகும், கிளாம்பின் பிடி தளரும். இன்ஜின் சூடேறியதும் ரப்பர் விரிந்து மூட்டைத் தானே அடைத்துக்கொள்ளும். விடிகாலையில் ஒரு எல்.இ.டி. டார்ச்சோடு பானெட்டைத் திறந்து, மூட்டைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஒயர் வைத்த குண்டு பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்க்காதீர்கள். அது கைதவறி விழுந்து உடைந்தால், அந்த இழை ஒன்றே போதும்.

இனி அந்த 'நல்ல குவாலிட்டி'க்கு வருகிறேன். வாய் வார்த்தையில் தரம் இல்லை, டியூபின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தில் இருக்கிறது. எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரக்குறி) 30ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த டியூப். உங்கள் கார், அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டி. அதற்கு 30ஆர்9 வேண்டும். எழுத்தே இல்லை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, கழற்றுங்கள். 30ஆர்7, 30ஆர்9 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கறுப்பு ரப்பர்தான்; வேறுபாடு விலையில்தான் தெரியும். கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கல் பம்ப் கால் பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்குத்தான் அழுத்தம் கொடுத்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்கிலிருந்து இன்ஜின்வரை ஏறக்குறைய 3 பார், அதாவது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே 30 சொச்சம்தான். அழுத்தம் மட்டும் சிக்கல் என்றும் நினைக்காதீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்கேற்ற பொருட்களோடு வருகின்றன. உங்கள் வண்டி அதற்கெல்லாம் மூத்தது. சாதாரண நைட்ரைல் ரப்பரை எத்தனால் உப்ப வைக்கும், பிறகு காய்ந்து வெடிக்கச் செய்யும். 30ஆர்9 டியூபின் உள்சுவரில் ஃபுளோரின் கலந்த ரப்பர் பூச்சு உண்டு. அதனால்தான் அது தாங்குகிறது, அதனால்தான் விலையும்.

கிளாம்பையும் பாருங்கள். பட்டை முழுக்க வரிவரியாகத் துளை வெட்டிய, திருப்புளியால் முறுக்குகிற கிளாம்பா? அது ரேடியேட்டர் ஹோஸுக்கு நல்லது. விரல் பருமன் டியூபில் அது வட்டமாக இறுகாமல் முட்டை வடிவில் இறுகும், ஒரு பக்கம் இடைவெளி விடும். இன்னும் முறுக்கினால் அந்தத் துளைகளின் விளிம்பு ரப்பருக்குள் இறங்கி வெட்டும். ஓரங்கள் மடித்துவிட்ட, சின்ன போல்ட் போட்டு இறுக்கும் கிளாம்ப் என்று கேட்டு வாங்குங்கள். பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

வேலையை நீங்களே செய்யும் எண்ணம் இருந்தால், முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். இதை விட்டுவிட்டு டியூபைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும், இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஃபியூயல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கிளப்புங்கள். டியூபில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத் தானே நிற்கும். மறுபடி இரண்டு மூன்று விநாடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். அதன் பிறகும் மூட்டில் துணி சுற்றித்தான் டியூபை இழுக்க வேண்டும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

புது டியூபைக் கூரான பிளேடால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஹேக்ஸா வைத்து அறுத்தால் ரப்பர் தூள் உள்ளே போய் இன்ஜெக்டரில் உட்காரும். உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும். 8 மி.மீ. குழாய்க்கு 10 மி.மீ. டியூப் போட்டுக் கிளாம்பில் சரிக்கட்டும் வேலை வேண்டாம். நுனியில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவினால் வழுக்கி ஏறும். குழாயின் வாயில் இருக்கும் புடைப்பைத் தாண்டி ஓர் அங்குலமாவது ஏற்றி, அந்தப் புடைப்புக்குப் பின்னால் கிளாம்பை வையுங்கள். பெரும்பாலோர் புடைப்பின் மேலேயே வைக்கிறார்கள். அப்போதைக்கு நிற்கும், பிறகு உங்களைப்போல் கடிதம் எழுத வைக்கும். மாட்டியதும் கிளப்பிவிடாதீர்கள். ஃபியூஸ், பேட்டரி ஒயர் இரண்டையும் போட்டு, சாவியை 'ஆன்' வரை மட்டும் மூன்று நான்கு முறை திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். மூட்டில் காகிதம் வைத்து ஒற்றிப் பார்த்து, காய்ந்திருந்தால் கிளப்புங்கள்.

டேங்கின் உள்ளே பம்போடு ஒரு துண்டு டியூப் இருக்கும். அங்கே மட்டும் 30ஆர்9 உதவாது. அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறத் தயாரானதல்ல. அதற்கென்று 30ஆர்10 இருக்கிறது.

கேள்வி: கார் அடியில் டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் துருவேறி ஊசித்துளை விழுந்துவிட்டது. மெக்கானிக் அந்த இடத்தை மட்டும் வெட்டி, ரப்பர் டியூப் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுத் தந்தார். போதுமா? இன்ஜெக்‌ஷன் வண்டிதான். — தூத்துக்குடி வாசகர்

போதாது. வெட்டிய குழாயின் வாய் மொட்டையாக இருக்கும். மேலே சொன்ன புடைப்பு அங்கே இல்லை. 3 பார் அழுத்தத்தில், மேடு பள்ளத்தில் குலுங்கி, டியூப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி ஒருநாள் கழன்றுகொள்ளும். புடைப்பு எடுக்கும் கருவி உள்ள கடையில் குழாய் வாயைத் தட்டி எடுத்திருந்தால், அல்லது வாயை இரட்டை மடிப்பாக விரித்து நட் வைத்து இணைத்திருந்தால் நம்பலாம். கிளாம்பைக் கழற்றச் சொல்லி நேரில் பாருங்கள். டியூப் போன இடம் சைலன்சர் பைப்புக்குப் பக்கமா என்பதையும் பாருங்கள். பக்கம் என்றால் எந்த ரப்பரும் அங்கே வேண்டாம்.

ஆனால் உங்கள் ஊர் உப்புக் காற்றில் துரு ஓர் இடத்தோடு நிற்பதில்லை. குழாயைப் பாடியோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். ஈரமும் மண்ணும் அங்கேதான் தங்கும், துருவும் அங்கேதான் பொரிந்து நிற்கும். இன்னொரு கிளிப்பின் அடியிலும் அப்படி இருந்தால் குழாய் முழுவதையும் மாற்றிவிடுங்கள். பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது காஸ் வெல்டிங் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தால், வண்டியோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய 100 சிசி பைக்கில் பெட்ரோல் டியூப் ஒழுகியது. எல்லாம் தெரிகிறது, நல்லது என்று கண்ணாடி டியூப் போட்டுத் தந்தார் கடைக்காரர். நாலைந்து மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிட்டது. இது இயல்பா? — திருச்சி வாசகி

அந்த டியூபுக்கு இயல்புதான் சகோதரி. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபும் மீன் தொட்டியில் காற்று விடும் டியூபும் பி.வி.சி. அதை வளையச் செய்வது அதனுள் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள். பெட்ரோல் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது அப்பளம்போல் நொறுங்கும். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் வாயில் மாட்டியிருக்கும் நுனியைப் பிடித்து லேசாக மடக்கிப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் இன்றே மாற்றுங்கள். பெட்ரோலைத் தாங்கும் ஒளிபுகும் டியூப் தனியே உண்டு. ஆனால் நம் ஊர்க் கடைகளில் சுருளாகத் தொங்குவது பெரும்பாலும் அது அல்ல. பைக்கின் மாடலைச் சொல்லி, கறுப்பு டியூபையும் கம்பி ஸ்பிரிங் கிளிப்பையும் பாக்கெட்டோடு வாங்குங்கள். பெரிய செலவில்லை.

ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: ஒழுகியது டியூப்தானா? கார்புரேட்டரின் அடியில் தொங்கும் மெல்லிய ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சொட்டினால், உள்ளே மிதவை ஊசி தூசு பட்டு மூடாமல் நிற்கிறது என்று பொருள். அதற்கு டியூப் மாற்றிப் பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். டேப்பின் கைப்பிடியைச் சுற்றி ஈரம் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கும். டேங்கைக் காலி செய்துதான் மாற்ற முடியும். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இரவில் நிறுத்தும்போது டேப்பை மூடட்டும். இந்தத் தலைமுறை அந்த வழக்கத்தை அடியோடு மறந்துவிட்டது.

கேள்வி: நெடுஞ்சாலையில் போகும்போது டேங்க் ஒழுகினால் சோப்பு தேய்த்து அடைக்கலாம் என்று லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். உண்மையா, கதையா? — கிருஷ்ணகிரி வாசகர்

உண்மை. சோப்புக் கட்டி பெட்ரோலில் கரையாது. இரும்பு டேங்கின் விரிசலிலோ ஊசித்துளையிலோ கட்டியை அழுத்தித் தேய்த்தால் இடுக்கில் அடைந்துகொண்டு அடுத்த ஊர்வரை தாங்கும். துணி துவைக்கும் பழுப்பு நிறக் கட்டி சோப்பு நன்றாகப் பிடிக்கும். மழை பெய்தால் கரைந்துவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

டேங்குக்குச் சொன்னதை டியூபுக்குச் செய்யாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியின் டியூபில் சோப்பும் நிற்காது, எம்-சீலும் நிற்காது. எம்-சீலுக்குக் காய்ந்த, எண்ணெய்ப் பசை இல்லாத இரும்பு வேண்டும். வளைந்து கொடுக்கும் ரப்பரில் அது தோலாக உரிந்து வரும். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவது இன்னும் மோசம், பெட்ரோல் பட்டதும் ஊறிக் கொழகொழவென்றாகிவிடும். டெஃப்லான் டேப் சுற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டியூப் மூட்டில் அதற்கு வேலையே இல்லை. பிய்ந்த நூல்கள் உள்ளே போய் ஜெட்டை அடைக்கும். டியூப் ஒழுகினால் வண்டியை ஓரம் கட்டி, சாவியை எடுத்து, எல்லோரையும் இறக்கி, தூரமாக நின்று போன் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டாவது முறையாக எலி பெட்ரோல் டியூபைக் கடித்துவிட்டது. புகையிலை தொங்கவிட்டும் பயனில்லை. — தஞ்சாவூர் வாசகர்

புகையிலை எலிக்குச் சில நாட்களில் பழகிவிடும். நெல் வயலை ஒட்டிய வீடு என்றால் அறுவடை முடிந்ததும் பெருச்சாளிகள் கூட்டமாக இடம் தேடும். ஆறிக்கொண்டிருக்கும் இன்ஜின் அவற்றுக்கு நல்ல குளிர்கால வீடு. பானெட்டுக்குள் தென்னை நார், துணிக் கிழிசல், வேர்க்கடலைத் தோல் கிடந்தால் குடித்தனம் தொடங்கிவிட்டது. அவற்றைத் துடைத்தெடுத்து, கீழ்ப்புறத் துளைகளில் கம்பி வலை அடியுங்கள். இரவில் பானெட்டைத் திறந்து வைப்பவர்களும் உண்டு. வெளிச்சமும் காற்றோட்டமும் எலிக்குப் பிடிப்பதில்லை. கோழித் தீவனம், அரிசி மூட்டை இருக்கும் கொட்டகையில் காரை நிறுத்துவதை முதலில் நிறுத்துங்கள்.

கடிபட்டது புது வண்டிகளில் வரும் கெட்டியான நைலான் குழாயாக இருந்தால், பல் தடம் மேலாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் கீறலிலிருந்துதான் பின்னால் விரிசல் ஓடும். அதை வெட்டி ரப்பர் டியூபால் ஒட்டுப்போட முடியாது. இரு முனையிலும் 'டிக்' என்று மாட்டும் கனெக்டரோடு சேர்த்து முழுத் துண்டாக மாற்றுங்கள்.

கேள்வி: எல்பிஜி ஆட்டோ ஓட்டுகிறேன். சீட்டுக்குப் பின்னால் காஸ் வாடை வருகிறது. செம்புக் குழாயின் நட்டை நானே ஸ்பேனர் போட்டு இறுக்கலாமா? — சென்னை வாசகர்

வேண்டாம் தம்பி. அந்தக் குழாயின் நுனியில் பித்தளை வளையம் ஒன்று செம்பைக் கவ்வியிருக்கும். அது ஒருமுறைதான் சரியாகக் கவ்வும். மேலும் இறுக்கினால் செம்பு நசுங்கி, ஊசிக் கசிவு பெருங்கசிவாகும். இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது: டேங்கின் தலையில் இருக்கும் கை வால்வை மூடு, இன்ஜினை நிறுத்து, பள்ளமான இடத்திலோ மூடிய செட்டிலோ நிறுத்தாமல் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்க் காற்றாட விடு. எல்பிஜியும் காற்றைவிடக் கனம், சாக்கடை வழியாகக்கூடப் பரவும். வாடை தானாக வருவதல்ல, கசிவு தெரிய வேண்டும் என்று சேர்த்தது; வாடை தெரிகிறது என்றால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

எங்கே கசிகிறது என்று பார்க்க மட்டும் உனக்கு உரிமை உண்டு. காற்றாடியபின் வால்வைத் திறந்து, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டிலும் தடவு. குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு வால்வை மூடு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீ அவர்களில் ஒருவனாகாதே. பிறகு உரிமம் பெற்ற கிட் கடைக்குப் போ. டேங்கின் சோதனைத் தேதியையும் பார்க்கச் சொல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். வீட்டுச் சிலிண்டரிலிருந்து ஆட்டோவுக்கு ஏற்றும் பழக்கம் உன்னிடமோ உன் ஸ்டாண்டிலோ இருந்தால் அதற்கும் இதுவே பதில்: விட்டுவிடு. பங்கில் ஏற்றும்போது 80 சதவீதத்தில் தானே நின்றுவிடும். மிச்சம் 20 வெயிலில் காஸ் விரிவதற்கான இடம். ரப்பர் குழாய் வைத்துக் கண்மதிப்பில் ஏற்றுபவர் அந்த இடத்தையும் நிரப்பப் பார்ப்பார்.

கேள்வி: பழைய டிராக்டர். காலையில் கிளம்புகிறது, கொஞ்சம் உழுததும் அணைந்துவிடுகிறது. டீசல் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றினால் (ஏர் எடுத்தால்) மீண்டும் ஓடுகிறது. வெளியே டீசல் ஒழுகவே இல்லை. — பெரம்பலூர் வாசகர்

ஒழுகாது, உறிஞ்சும். டேங்கிலிருந்து பம்ப்வரை உள்ள பகுதியில் டீசல் இழுக்கப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அங்கே சின்ன இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அந்தக் கண்ணாடி டியூபுக்கு இங்கேதான் ஒரு நல்ல வேலை. பம்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் துண்டைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டுங்கள். குமிழிகள் ஓடினால் கசிவு அதற்கு முன்னால், ஓடாவிட்டால் பின்னால். தெரிந்ததும் கழற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி மூட்டு போல்ட்டின் இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்தான். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும், மறுபடி முறுக்கினால் படியாது. புதிது உடனே கிடைக்கவில்லையா? பழையதைக் கம்பியில் கோத்து, டிராக்டரிலிருந்து தள்ளிப்போய், அடுப்பில் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் கடினமாகும், செம்பு மென்மையாகும். உப்புத்தாளில் இரு முகத்தையும் தேய்த்து மாட்டுங்கள். பிறகு ஃபில்டர் தலையின் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை நுரை நிற்கும்வரை அடித்து ஏர் எடுங்கள்.

இது பழைய டிராக்டருக்கு மட்டும். பக்கத்து வயல்காரர் காமன்ரெயில் வண்டி வைத்திருந்து, இதைப் பார்த்துவிட்டுத் தன் குழாயையும் விரலால் தடவிக் கசிவு தேட வேண்டாம். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத டீசல் ஊசி தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். காயம் எறும்புக்கடி அளவுக்குத்தான் தெரியும், ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க நேரிடலாம்.

கேள்வி: காலி பெட்ரோல் டேங்கை வெல்டிங் வைக்கலாமா? — ஈரோடு வாசகர்

காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. நிறைந்ததில் பற்றிக்கொள்ளக் காற்று இல்லை. காலியில் ஆவியும் காற்றும் சரியான கலவையில் இருக்கும். இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரி என்பார்கள். உள்ளே தையல் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் கழுவலுக்கு அசையாது, வெல்டிங் சூட்டில்தான் வெளியே வரும். நீராவி விட்டுச் சுத்தம் செய்து, வேலை நடக்கும் இடம் தவிர மற்றதைத் தண்ணீரால் நிரப்பிப் பற்றவைக்கும் டேங்க் கடைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடை உங்கள் ஊரில் இல்லை என்றால் வேறு டேங்க் வாங்குங்கள்.